பரிசிலும் கூலியும்: மின்விளையாட்டுப் போட்டிகளின் பணக்கணக்கு

இலக்கியம் பேசுகிற இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு திறனில் தேர்ந்தவன் எதைக்கொண்டு வயிறு வளர்க்கிறான், அவனுக்குக் கொடுப்பவர் யார், கொடுக்கும் முறை அவன் வாழ்வை எப்படி வளைக்கிறது என்பவையெல்லாம் புறநானூற்றுக் காலந்தொட்டு நம்மோடு இருந்துவரும் கேள்விகள். பாணனும் விறலியும் போய்விட்டார்கள், கேள்விகள் போகவில்லை. இன்று அவற்றை மிகக் கூர்மையாகக் காண விரும்புவோர், இ-ஸ்போர்ட்ஸ் என்று அழைக்கப்படும் மின்விளையாட்டுப் போட்டிகளின் பக்கம் ஒருமுறை பார்ப்பது நல்லது என்பது நம் எண்ணம்.

நாம் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விளையாட்டை. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் டோட்டா 2. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்களுள் அணிக்கு ஐவரை மாறிமாறித் தெரிவு செய்வதிலிருந்தே போர் தொடங்கிவிடுகிறது. எதிரியின் கோட்டையைத் தகர்ப்பவர் வென்றவர். இதற்குக் கால எல்லை கிடையாது. அரைமணியில் முடிந்துவிடவும் கூடும், ஒரு மணி நேரத்தைத் தாண்டி இழுக்கவும் கூடும். இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இவ்விளையாட்டின் உலகப் போட்டிக்குப் பெயர் ‘தி இன்டர்நேஷனல்’. முதல் போட்டி 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்தது. 16 அணிகள், மொத்தப் பரிசு 16 லட்சம் டாலர். அதில் 10 லட்சம் முதலிடத்துக்கே போயிற்று. உக்ரைனின் நாவி அணி அதைப் பெற்றது. இரண்டாமிடத்துக்கு இரண்டரை லட்சம். எட்டாமிடம் வரை ஏதோ கிடைத்தது. எஞ்சிய எட்டு அணிகளுக்கு ஒன்றுமில்லை. அன்றைய நிலையில் இத்துறையினர் கனவிலும் காணாத தொகை அது. ஆகவே பங்கீட்டைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் பின்னால் வந்த அத்தனைக்கும் விதை அந்தப் பங்கீட்டில்தான் இருந்தது என்று தோன்றுகிறது.

2013-இல் வால்வ் ஒரு புதுவழி கண்டது. ‘காம்பெண்டியம்’ என்ற பெயரில் ஒரு மின்னேட்டை ஏறத்தாழ 10 டாலருக்கு விற்று, அதில் கால்பங்கைப் பரிசுத்தொகையில் சேர்த்தது. ரசிகர்கள் அலை அலையாக வந்து வாங்கினார்கள். அந்த ஆண்டு 28 லட்சத்தைத் தாண்டிய பரிசுத்தொகை, 2014-இல் 1 கோடியே 9 லட்சமாயிற்று. 2019-இல் 3 கோடியே 43 லட்சம். 2021-இல் 4 கோடி டாலர். ஆண்டுதோறும் முந்தைய சாதனை முறியடிக்கப்பட்டது. தொகையின் எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்ப்பதே ரசிகர்களுக்கு ஒரு தனி விளையாட்டாகிவிட்டது.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 கோடியில் நிறுவனத்தின் கைப்பணம் அதே பழைய 16 லட்சம்தான். மற்றதெல்லாம் விற்பனையின் கால்பங்கு. அப்படியானால் மொத்த விற்பனை 15 கோடி டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். முக்கால் பங்கு விற்றவரிடமே நின்றது. வணிகத்தில் இது குற்றமன்று. ஆனால் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு விடை மாறிவிடுகிறது. புரவலர் வால்வ் அல்லர். ஊர்கூடி வைத்த மொய் அது. மொய்ப்பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்தது மட்டும் நிறுவனம்.

எப்படிப் பிரித்தது? 2021-இல் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் கோப்பையை வென்ற டீம் ஸ்பிரிட் அணிக்கு 1 கோடியே 82 லட்சம் டாலர். மொத்தத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. இரண்டாமிடத்துக்கு 52 லட்சம். பதின்மூன்றிலிருந்து பதினாறு வரையான இடங்களுக்குத் தலா 6 லட்சம். கடைசி இரண்டு அணிகளுக்குத் தலா 1 லட்சம். கடைசியில் வந்தவனுக்கும் லட்சம் டாலரா என்று வியப்பவர்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். தகுதிச் சுற்றின் இறுதியாட்டத்தில் தோற்று வாசலிலேயே நின்றுவிட்ட அணிக்கு அந்தத் தொகையில் ஒரு காசும் இல்லை.

டென்னிஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 27 லட்சம் பவுண்டு. முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு 60 ஆயிரம். நாற்பத்தைந்து மடங்கு இடைவெளி. அதுவும் குறைவன்று. ஆனால் அங்கே பிரதான சுற்றுக்கு வரமுடியாமல் தகுதிச் சுற்றில் தோற்றவருக்கும் பணம் உண்டு. வாசல்வரை வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. புகாரெஸ்டில் உள்ளே வந்தவர்களுக்குள்ளேயே இடைவெளி நூற்றெண்பது மடங்கு. வாசலில் நின்றவனோடு ஒப்பிட மடங்குக் கணக்கே இல்லை. பூச்சியத்தால் எதை வகுப்பது?

*

பணத்தை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். ஆட்டமுறையும் அட்டவணையும் சேர்ந்தே இந்தப் பணத்துக்குப் பொருள் தருகின்றன.

இன்டர்நேஷனலில் நீண்டகாலம் இருந்துவந்தது இரட்டை வெளியேற்ற முறை. மேலடுக்கில் தோற்ற அணி கீழடுக்கில் விழும். அங்கேயும் தோற்றால் வீட்டுக்குப் போகும். ஒருமுறை சறுக்கினவனுக்கு மறுவாய்ப்புத் தரும் முறை என்பதால் இதை நாம் மதிக்கிறோம். 2021-இல் கோப்பை வென்ற டீம் ஸ்பிரிட்டே மேலடுக்கின் முதல் சுற்றில் தோற்றுக் கீழே விழுந்து, அங்கிருந்து ஒவ்வோர் அணியாக வென்று ஏறிவந்து, இறுதியில் சீனத்தின் பி.எஸ்.ஜி. எல்.ஜி.டி. அணியை 3-2 என்று வீழ்த்தியது. ஒரே தோல்வியில் வெளியேற்றும் முறையாக இருந்திருந்தால் அந்தக் கதையே நிகழ்ந்திராது.

ஆனால் அதே முறைக்குள் ஓர் அநீதியும் பல ஆண்டுகள் இருந்தது. கீழடுக்கின் முதல் சுற்று மட்டும் ஒற்றை ஆட்டமாக நடந்தது. மற்றச் சுற்றுகளில் மூன்றில் இரண்டு, இறுதியில் ஐந்தில் மூன்று என்று வென்றாக வேண்டும். இங்கே மட்டும் ஒன்றே ஒன்று. ஓராண்டு உழைத்து, தகுதிச் சுற்றைக் கடந்து, குழுச் சுற்றில் நான்கு நாள்போல் போராடி வந்த அணியின் ஆண்டு முழுவதும் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாயகர் தெரிவில் எதிரி வைத்திருந்த ஓர் எதிர்பாராத தந்திரம் பலித்தால் போதும். அதற்கு விடை தேட இரண்டாவது ஆட்டம் கிடையாது. 2021-இன் கணக்கில் அந்த ஒற்றை ஆட்டத்தின் விலை 2 லட்சம் டாலர். வென்றால் குறைந்தது 8 லட்சம். தோற்றால் 6 லட்சம்.

ஏன் ஒற்றை ஆட்டம்? விடை எளியது. அட்டவணை நெருக்கடி. ஆட்டத்துக்குக் கால எல்லை இல்லை என்று மேலே சொன்னோம் அல்லவா? மூன்று ஆட்டங்கள் கொண்ட ஒரு மோதல் ஒன்றரை மணியிலும் முடியும், நான்கு மணி நேரமும் இழுக்கும். ஒரே அரங்கில் ஒரே நாளில் நான்கு மோதல்களை வைத்தால் கடைசி அணி எப்போது மேடையேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. நள்ளிரவில் முடித்தவன் மறுநாள் காலை மீண்டும் உட்கார வேண்டியிருக்கும். இதைச் சரிசெய்ய நாட்களைக் கூட்ட வேண்டும். நாட்களைக் கூட்டினால் அரங்க வாடகை கூடும். 4 கோடி டாலரைப் பரிசாக அறிவிக்கத் தெரிந்தவர்களுக்கு, இன்னும் ஓரிரு நாள் அரங்கை எடுக்க மனம் வரவில்லை என்பதுதான் இதன் பொருள்.

*

இனி நாம் இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். ஆண்டில் ஒருமுறை நடக்கும் திருவிழாவைப் பற்றியதல்ல நம் கவலை. எஞ்சிய பதினொரு மாதங்களில் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்?

2017-இல் வால்வ் ‘டோட்டா புரோ சர்க்யூட்’ என்ற ஆண்டுச் சுற்றை ஏற்படுத்தியது. முதல் பருவத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்திய 20-க்கும் மேற்பட்ட தொடர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஒரு தொடர் முடிவதற்குள் அடுத்ததன் தகுதிச் சுற்று தொடங்கிவிடும். கண்டம் விட்டுக் கண்டம் பறந்து ஆட்டக்காரர்கள் களைத்துப் போனார்கள். அடுத்த பருவத்தில் பெரிய தொடர் ஐந்து, சிறிய தொடர் ஐந்து என்று குறைத்தார்கள்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020 மார்ச்சில் சுற்று நிறுத்தப்பட்டது. மே மாதம் வழக்கம்போல் ‘பேட்டில் பாஸ்’ விற்பனைக்கு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த ரசிகர்கள் முன்னெப்போதையும்விட அதிகமாக வாங்கினார்கள். பரிசுத்தொகை 4 கோடியைத் தொட்டது. அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடக்க வேண்டிய போட்டி தள்ளிப்போடப்பட்டது. மின்விளையாட்டை விளையாட்டாக ஏற்க ஸ்வீடனின் விளையாட்டுக் கூட்டமைப்பு மறுத்ததால் இடமும் மாறி, 2021 அக்டோபரில் புகாரெஸ்டில், பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்தது. இதற்கிடையே 2021 ஜனவரி வரை வால்வின் சுற்றில் ஒரு தொடரும் இல்லை. பிறர் இணையவழி நடத்திய சில தொடர்களை நம்பியே அணிகள் காலந்தள்ளின. உலகின் மிகப் பெரிய பரிசுத்தொகை ஒரு பக்கம் பூட்டிக் கிடக்க, அந்த விளையாட்டை ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரியாமல் இருந்தார்கள். இந்தத் துறையின் முரணை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை.

2021-இல் சுற்று மீண்டபோது வடிவம் மாறியிருந்தது. உலகம் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள்; பிரிவுக்கு எட்டு அணிகள். ஆக 96 அணிகள், 480 ஆட்டக்காரர்கள். ஒரு பருவத்துக்கு ஒரு வட்டாரத்தின் பரிசு 2 லட்சத்து 80 ஆயிரம் டாலர். மேற்பிரிவில் முதலிடத்துக்கு 30 ஆயிரம், எட்டாமிடத்துக்கு 22 ஆயிரம். இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதல்வனுக்கும் கடைசியானவனுக்கும் ஒன்றரை மடங்கு வேறுபாடுகூட இல்லை. இது பரிசன்று, கூலி. ஆட வந்தவனுக்கு, ஆடியதற்காகக் கொடுத்தது. கீழ்ப்பிரிவுக்கு மொத்தமே 75 ஆயிரம். சராசரியாக ஓர் அணிக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. அதை ஐவர் பகிர வேண்டும். போதாத கூலிதான். ஆயினும் இன்ன தேதியில் ஆட்டம், இன்ன தொகை வரவு என்ற உறுதி, அந்த அணிகளில் பலவற்றுக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

அப்படி ஆறு வட்டாரங்களுக்கும் சேர்த்து ஒரு பருவத்துக்கு ஆன செலவு 16 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அதே ஆண்டு முதல் பரிசாக ஓர் அணிக்குக் கொடுத்த தொகையைக்கொண்டு 96 அணிகளுக்கும் பத்துப் பருவங்களுக்கு மேல் கூலி கொடுத்திருக்கலாம். வென்றவர்களின் பணத்தைப் பறிக்கச் சொல்லவில்லை நாம். அவர்கள் உழைப்பில் ஐயமில்லை. ஆனால் ஒரு துறை எதைத் தன் பெருமையாகக் கருதியது, எதைத் தன் கடமையாகக் கருதவில்லை என்பதை இந்த விகிதம் சொல்லிவிடுகிறது.

அந்த லீக் முறையில் குறைகள் இல்லாமலில்லை. ஓர் அணிக்கு ஆறு வாரத்தில் ஏழே மோதல்கள். அதில் பின்தங்கிவிட்டால் அடுத்த பருவம் வரை சும்மா இருக்க வேண்டும். வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி ஆடியதால் அலுப்பும் தட்டியது. 2023 செப்டம்பரில் வால்வ் இந்தச் சுற்றையே கலைத்தது. சுற்றின் விதிகள் போட்டியுலகின் பன்மையைக் குறுக்கிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டு பேட்டில் பாஸும் இன்டர்நேஷனலிலிருந்து விலக்கப்பட்டது. டோட்டா ஆடுவோரில் பெரும்பாலோர் அதை வாங்குவதே இல்லை என்று விளக்கமும் தரப்பட்டது. 2022-இல் சிங்கப்பூரில் 1 கோடியே 89 லட்சமாக இருந்த பரிசுத்தொகை, 2023-இல் சியாட்டிலில் 30 லட்சத்துக்குச் சற்று மேல் என்று சரிந்தது. 2024-இல் கோபன்ஹேகனிலும் 2025-இல் ஹாம்பர்கிலும் 30 லட்சத்தை எட்டவில்லை.

ரசிகர்கள் இந்தச் சரிவைக் கண்டு ஒப்பாரி வைத்தார்கள். நாம் அந்த ஒப்பாரியில் சேரமாட்டோம். சிகரம் தாழ்ந்ததில் வருந்த ஒன்றுமில்லை. அதே மூச்சில் அடிவாரமும் பெயர்க்கப்பட்டதே, அதுதான் இழப்பு. லீகைச் செப்பனிட்டிருக்க வேண்டும், இடித்துவிட்டார்கள்.

*

சிகரத்தின் இடத்தைப் பிடிக்க இன்னொருவர் வந்தார். சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான சேவி கேம்ஸ் குழுமம் 2022-இல் இ.எஸ்.எல்., ஃபேஸிட் என்ற இரண்டு பெரிய அமைப்புகளை 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் ரியாத் மாஸ்டர்ஸ் தொடரின் பரிசு ஒன்றரைக் கோடி டாலர். வென்றது அதே டீம் ஸ்பிரிட். கிடைத்தது 50 லட்சம். சில மாதங்களில் அதே அணி சியாட்டிலில் உலகக் கோப்பையையும் இரண்டாம் முறை வென்றது. அதற்குக் கிடைத்த தொகை ரியாத் பரிசில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2021-இல் வென்ற ஐவரில் நால்வர் இந்த அணியிலும் இருந்தார்கள். அதே கோப்பை, அதே கைகள். பரிசோ பத்தில் ஒரு பங்கிலும் தாழ்ந்துவிட்டது. திறன் குறைந்ததாலா? இல்லை. கொடுப்பவரின் மனம் மாறியதால். ரியாதின் கையும் நிலையாக இல்லை. அங்கே டோட்டாவுக்கான தொகை 2024-இல் 50 லட்சம், 2025-இல் 30 லட்சம் என்று இறங்கியது.

நம் ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்று வருபவன், பெறாதவனை எதிர்கொண்டு வழி சொல்கிறான். இன்ன திணை வழியே போ, இன்ன வள்ளலைக் காண் என்கிறான். அவன் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவனுடைய நல்ல மனம் மட்டுமன்று. வள்ளல்கள் பலர் இருந்தார்கள், வழிகளும் பல இருந்தன. கொடுப்பவர் ஒருவரே, கொடுப்பது ஆண்டுக்கு ஒருமுறையே, பெறுபவன் ஒருவனே என்றால் ஆற்றுப்படைக்கு இடமில்லை. வென்றவன் தோற்றவனுக்கு என்ன வழி சொல்வான்?

இன்றைய நிலையில் ஒரு நன்மையும் இருக்கிறது; அதை மறைக்கக் கூடாது. புகாரெஸ்டில் நடக்கும் பி.ஜி.எல். வலாகியா, பிளாஸ்ட் ஸ்லாம், ட்ரீம்லீக் என்று 10 லட்சம் டாலர் அளவிலான தொடர்கள் ஆண்டு முழுவதும் பரவலாக வந்திருக்கின்றன. முன்னணி அணிகளுக்கு ஆட்டப் பஞ்சமில்லை, கொடுப்பவரும் பலராயினர். ஆனால் அட்டவணையை இணைத்துப் பார்க்கும் பொதுக்கை எதுவும் இல்லாததால் தொடர்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பெரும்பாலும் தரவரிசையைப் பார்த்து நேரடியாக அழைக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவன் இன்னும் ஆடுகிறான். வெளியே நிற்பவன் தகுதிச் சுற்றின் குறுகிய வாசலில் முட்டிக்கொள்கிறான். இருபது அணிகள் வாழ்கின்றன. இரண்டாம் பிரிவு என்ற ஒன்றே மறைந்துவிட்டது.

மாற்றாகச் சொல்லப்படும் மாதம்பொதிந்த சம்பள முறையும் முழு விடை அன்று. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் வட அமெரிக்க லீகில் 2018 முதல் நிரந்தர அணிகள், ஆட்டக்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 75 ஆயிரம் டாலர் சம்பளம் என்று ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டாம்நிலை லீகில் அணி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2023-இல் ரயட் நிறுவனம் நீக்கியதும் பெரும்பாலான அணிகள் தம் இளையோர் அணிகளைக் கைவிட்டன. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தது. பருவத் தொடக்கம் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. எந்த முறையானாலும் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கீழ்ப்படிதான்.

கீழ்ப்படி வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? பதினேழு, பதினெட்டு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வருகிறவர்களின் துறை இது. இருபத்தைந்துக்குள் பலருக்கு ஆட்டம் முடிந்துவிடும். வருமானமில்லாத கீழ்நிலையில் ஆட்டத்தை விலைக்குக் கேட்கும் சூதாட்டத் தரகன் வந்து நிற்பான். 2023-இல் சீனத்தில் முறைகேடுகளுக்காக டோட்டா ஆட்டக்காரர்கள் பலர் தடைசெய்யப்பட்டனர். வறுமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2010-இல் தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் ஆட்டங்களை விற்றதற்காக வாழ்நாள் தடை பெற்ற பதினொருவரில் பெரும்புகழ் பெற்ற முன்னாள் சாம்பியனும் இருந்தார். ஆயினும் கூலி கிடைக்கும் இடத்தில் நேர்மை எளிது. கிடைக்காத இடத்தில் அது வீரம். எல்லோரிடமும் வீரத்தை எதிர்பார்ப்பது ஒரு துறையின் ஒழுங்காக முடியாது.

சிகரம் உயர்ந்திருந்தால்தான் கூட்டம் வரும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. 2021-இன் இறுதியாட்டத்தை இணையத்தில் பார்த்த கூட்டம் பிந்தைய ஆண்டுகளில் வரவில்லை. ஆனால் எண்ணைப் பார்க்க வந்த கூட்டம் எண் குறைந்ததும் போய்விடும். ஆட்டத்தைப் பார்க்க வந்தவனே நிற்பான். அவனுக்குத் தெரிந்த அணிகள் ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தால்தான் அவனும் நிற்பான்.

ஆகவே நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, தொடர் நடத்துவோர் அனைவரும் கூடி ஓராண்டுக்கு முன்பே வெளியிடும் ஒரு பொது நாட்காட்டி. அதில் யாரும் தொடக்கூடாத ஓய்வு வாரங்கள். இரண்டாவது, ஓர் அணியை வெளியேற்றும் எந்தச் சுற்றும் ஒற்றை ஆட்டமாக இருக்கக் கூடாது என்ற விதி. மூன்றாவது, ஒவ்வொரு பெரிய தொடரின் பரிசிலும் ஒரு நிலையான பங்கு தகுதிச் சுற்றில் ஆடியவர்களுக்குப் போக வேண்டும். பத்தில் ஒரு பங்கு போதும். 10 லட்சத்தில் 1 லட்சம் என்றால் முதல் பரிசு பெறுபவனுக்கு அது பெரிய இழப்பன்று. வாசலில் நிற்கும் ஐந்து பேருக்கு அது அடுத்த மூன்று மாத வாடகையும் சோறும்.

அடுத்த முறை ஏதேனும் ஒரு விளையாட்டில் இத்தனை கோடி டாலர் பரிசு என்ற செய்தி கண்ணில் பட்டால், வாசகர்கள் முதலிடத்தை விட்டுவிட்டு எட்டாமிடத்துக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்க்க வேண்டும். அவனுடைய அடுத்த ஆட்டம் எந்தத் தேதியில் என்றும் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை இல்லையென்றால், அந்தக் கோடிகள் எத்தனை பெரியவையானாலும் அங்கே ஒரு துறை இன்னும் உருவாகவில்லை என்றே பொருள்.